திறந்து பார்த்து நம்புகிறவர்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், புக்கிட் தெங்காவில் எங்கள் ஆலைக்குள் ஓர் ஆணி வர வேண்டுமானாலும் அதற்கு என் ஒப்பம் வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே கொள்முதல் பிரிவின் தலைவனாக இருந்தேன். பொருளாதாரப் பட்டதாரி. ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்தவன். நான் கையெழுத்திட்ட தாளைப் பார்த்து வங்கியில்கூட ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்டதில்லை. இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எழுதப் புகுந்திருக்கும் அம்மையார் எதைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டார் என்பது வாசகருக்கு முதலிலேயே விளங்க வேண்டும்.

அவர் ஆலையின் கணினி வலைக்கும் தொலைபேசிகளுக்கும் பொறுப்பாளர். குள்ளமான உருவம், சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, கைப்பையில் கைக்குட்டையில் சுற்றிய திருப்புளி ஒன்று. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியிலிருந்து விடியலில் புறப்பட்டு, ஆலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து வருவார். அனைவருக்கும் அவர் அக்கா. என்னை ‘சார்’ என்பார். கோபம் வந்தால் ‘அண்ணே’ என்பார். பதவி இருந்த இடத்தில் உறவை வைத்துவிட்டார் என்றால் நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன் என்று பொருள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுதினால், அச்சில் வந்த தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி பிழை தேடுவார்.

அவருடைய இயல்பை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மூடியிருக்கும் எதையும் அவர் நம்பமாட்டார்.

ஒரு சனிக்கிழமை நண்பகலில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு நாலு பேருக்கு முன்னால் அந்த அம்மையார். கடைக்காரர் மூன்று பொட்டலங்களைக் கட்டி, எதில் மீன், எதில் கோழி என்று பேனாவால் குறித்து நீட்டினார். அம்மையார் அங்கேயே, அந்த நெரிசலிலேயே, மூன்றையும் பிரித்தார். பின்னால் வரிசை சாலையைத் தொட்டது. கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அக்கா, இருபது வருசமா புங்குஸ் கட்டுறேன். நம்பிக்கை இல்லன்னா ஏன் வாங்குறீங்க?”

“நம்புறேன் லா. தொறந்து பாத்துட்டு நம்புறேன்.”

கோழி என்று எழுதிய பொட்டலத்தில் மீன் இருந்தது. கடைக்காரர் மாற்றிக் கட்டிக்கொடுத்து, மேலே ஒரு வெண்டைக்காயையும் வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தெரியாதவன்போல் நின்றேன். வீட்டுக்குப் போய் என் பொட்டலத்தைப் பிரித்தேன். நான் கேட்டது இறால். அதில் இருந்தது முட்டை.

அவர் கத்தோலிக்கர். திருவிழாவுக்கு மாதா கோயிலுக்குப் போனால் மெழுகுவர்த்திக் கட்டை வாசலிலேயே பிரித்து, ஒவ்வொன்றிலும் திரி கடைசி வரை ஓடுகிறதா என்று பார்ப்பாராம். பேருந்தில் அவருடன் வரும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். மாதாவே நேரில் வந்தாலும் முக்காட்டை விலக்கச் சொல்வார் என்று ஒருத்தி சொன்னதற்கு, அவர் சிறிதும் கோபிக்காமல், சொன்னால் மாதா விலக்குவார், கடைக்காரன்தான் மாட்டான் என்றாராம்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். இளம் வயதில் தொலைபேசிக் கேபிள் பதிக்கும் குத்தகைக்காரர் ஒருவரிடம் அவர் வேலை பார்த்திருக்கிறார். ஒரு குழியில் இறங்கி, பயனற்றது என்று அட்டை கட்டியிருந்த கேபிளை வெட்டினார். அட்டை மாறிக் கட்டப்பட்டிருந்தது. ஆயர் ஈத்தாம் சந்தைக்கு அரை நாள் தொலைபேசி இல்லை. கோழி வியாபாரிகள் கத்தியும் கையுமாக வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். “அட்டையில எழுதுனவன் வீட்டுல தூங்குறான் சார். வெட்டுன நான்தான் குழியில நிக்கிறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அமெரிக்காவும் சீனாவும் வணிகத்தில் முறைத்துக்கொண்ட ஆண்டுகள் வந்தன. ஒரு நாடு மற்றதன் தொலைத்தொடர்புக் கருவிகளில் ஒற்றன் ஒளிந்திருப்பதாகச் சொன்னது. மற்றது அதை வியாபாரப் பொறாமை என்றது. வரி ஏறியது, தடை வந்தது, தடையைச் சுற்றிக்கொண்டு சரக்கு வந்தது. யானைகள் மோதினால் புல்லுக்கு ஆபத்து என்பார்கள். எங்கள் நிலை சற்று விசித்திரமானது. நாங்கள் இரு யானைகளுக்கும் மணி செய்து கொடுத்தவர்கள். எங்கள் ஆலை செய்தது ஆன்டெனா பலகைகள். கைபேசிக் கோபுரத்திலிருந்து வீட்டு ரூட்டர் வரை, அலையை வாங்கும் எந்தப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு பலகை இருக்கும். முன்பு யார் கேட்டாலும் விற்றோம். சண்டை வந்த பிறகு பெரிய வாடிக்கையாளர் ஒருவரே மிஞ்சினார். அவர் அமெரிக்கர்.

அக்காலத்தில்தான் எங்கள் சொந்த வலைக்கு, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் புதிய ஸ்விட்ச் பெட்டிகள் தேவைப்பட்டன. முறையான முகவர் ஓராண்டு காத்திருக்கச் சொன்னார். சில்லுத் தட்டுப்பாடு என்றார். வேறொரு தரகர் மறுவாரமே தருவதாகச் சொன்னார். அதே அமெரிக்கச் சின்னம், அதே பெட்டி, புத்தம் புதிது. நான் ஒப்பமிட்டேன். பன்னிரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. அம்மையார் ஒன்றின் மூடியைக் கழற்றினார். பிறகு அதை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்து, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அதன் கீழ் இன்னொரு ஸ்டிக்கர். அதன் கீழும் ஒன்று. மூன்றிலும் மூன்று நாடுகள். உள்ளே பலகையில் எவரோ ஐந்தாறு வருடம் பயன்படுத்திய தூசி. இதன் மென்பொருளுக்கு இனித் திருத்தம் வராது, ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை என்று விளக்கினார். பலர் முன்னிலையில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். பெட்டிகளைத் திருப்பி அனுப்பினோம்.

“ஒற்றன் எந்த நாட்டுக்காரன்னு சண்ட போடுறாங்க சார்” என்றார் போகும்போது. “பாதி ஆபீஸ்ல பாஸ்வேர்ட் பொட்டியில வந்தபடியே கெடக்கு. அதுக்கு யாரும் பயப்படல.”

அமெரிக்க வாடிக்கையாளரின் கடிதம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. தடை செய்யப்பட்ட நிறுவனங்களின் பெயர்ப்பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. அவற்றின் கருவி எதுவும் எங்கள் வலையில் இல்லை, கடந்த இரண்டு ஆண்டுகளிலும் இருந்ததில்லை என்று உறுதிப் பத்திரம் தர வேண்டும். அதைச் சரிபார்க்க அவர் தணிக்கையாளர் ஒருவரை அனுப்புவார். பத்திரம் பொய்யானால் அவருடைய ஆர்டர் ரத்து. அந்த ஆர்டர் போனால் இரண்டாம் உற்பத்திப் பிரிவை மூட வேண்டியதுதான். பத்திரத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும், கொள்முதல் தலைவருடையதும் வலைப் பொறுப்பாளருடையதும்.

நான் என் கோப்புகளைப் பார்த்தேன். பட்டியலிலிருந்த நிறுவனம் எதிலிருந்தும் நான் ஒரு பொருளும் வாங்கியதில்லை. வலைக் கருவிகள் பதினாறு. பதினாறையும் வரிசையாகத் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்திட்டு, நிர்வாக இயக்குநரிடம் நேரில் கொடுத்தேன். அவர் பினாங்குச் சீனர், நிதானமானவர், என் சொல்லை மதிப்பவர். மற்றக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள் என்றார். மாலைக்குள் வாங்கித் தருகிறேன் என்று வாக்களித்தேன்.

அம்மையார் பத்திரத்தைப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்தார்.

“மூணு நாள் குடுங்க சார். எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டு போடுறேன்.”

இது என் கோப்பிலிருந்து எடுத்தது என்றேன். தெரியும் என்றார். நான் கையெழுத்திட்டிருக்கிறேன் என்றேன். அதையும் பார்த்தேன் என்றார்.

மூன்று நாள்கள் அவர் ஏணியுடன் திரிந்தார். கூரைத் தகடுகளை நீக்கினார், அலமாரிகளைத் திறந்தார், ஒவ்வொரு கேபிளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே தொடர்ந்தார். பதினைந்து பெட்டிகள் என் பட்டியலில் சொன்னபடியே இருந்தன. பதினாறாவது, கழிப்பறைக்கு மேலே, என்றோ செத்துப்போயிருந்தது. அதனால் யாருக்கும் துன்பம் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் அவர் என்னை வாயிற்காவல் கூடத்துக்கு அழைத்தார். ஒரு கேபிள் ஆலையின் வலையிலிருந்து புறப்பட்டு, சுவர் வழியாக, அந்தக் கூடத்துக்குள் போயிருந்தது.

காவலர் முனியாண்டி முன்னாள் இராணுவத்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சலாம் வைத்தார். அவர் தலைக்கு மேலே, சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், நான்கு கொம்புகளுடன் ஒரு வெள்ளை ரூட்டர். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அதன் நெற்றியில் இருந்தன. அதற்கும் கீழே இருந்த பெயர், தடைப் பட்டியலில் முதலாவதாக இருந்த பெயர்.

“ஒங்க வைஃபைதான் சார்” என்றார் முனியாண்டி, மலர்ந்த முகத்துடன். “லாரி டிரைவருங்க எல்லாம் ஒங்களத்தான் வாழ்த்துறாங்க. காத்துக்கெடக்கும்போது படம் பாக்குறாங்க.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் ஆலையில் வருடாந்திர விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் உண்டு. மேலாளர் எவருக்காவது பரிசு விழுந்துவிட்டால் கூடம் முழுவதும் மேசையைத் தட்டும். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை தட்டும். இது எழுதப்படாத சட்டம். ஓராண்டுக்கு முன்பு என் எண் விழுந்தது. பரிசு வைஃபை ரூட்டர் என்றார்கள். மற்ற மேலாளர்கள் அசடு வழியத் திருப்பிக் கொடுப்பார்கள். நான் ஒலிவாங்கியை வாங்கி, வெயிலிலும் மழையிலும் நம்மைக் காக்கும் காவலர்களுக்கு இதை அன்பளிப்பாக வழங்குகிறேன் என்று அறிவித்தேன். நல்ல கைதட்டல். பரிசுத்தாளை நீக்கி உள்ளே என்ன பெயர் என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் பராமரிப்பு ஆளிடம், அருகிலிருக்கும் இணைப்பில் மாட்டிவிடும்படி வாய்மொழியாகச் சொன்னேன். நான் வாங்காத பொருள் ஆதலால் என் கோப்பில் அது இல்லை.

ரூட்டருக்குக் கீழே ஓர் அட்டையில், தூரத்திலிருந்தும் படிக்கும்படி, பெரிய எழுத்தில் கடவுச்சொல் எழுதியிருந்தது. பெட்டியில் வந்த அதே கடவுச்சொல். அம்மையார் அட்டையைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், வெளியே எங்கள் லாரிகளோடு பக்கத்து ஆலையின் கோழித்தீவன லாரிகளும் வரிசையாக நின்றதைப் பார்த்தார்.

“சீனாலேருந்து ஒற்றன் ஏன் சார் வரணும்?” என்றார். “கோழித்தீவன லாரியில வந்தாலே போதும்.”

நான் அறைக்குத் திரும்பினேன். அவரும் வந்தார். கதவைச் சாத்தினேன். தணிக்கையாளர் நாளை வருகிறார். நான் சொன்ன யோசனை எளியது. பெட்டியை இப்போதே கழற்றி என் காரில் வைத்துவிடுகிறேன். பதினாறு பொருள் பட்டியல் அப்படியே இருக்கட்டும். நாளை இந்த ஆலையில் அப்படிப்பட்ட கருவி ஒன்றும் இருக்காது, என் இருபது ஆண்டுப் பெயரும் கெடாது.

“பொட்டிய எடுத்துரலாம் சார். ஆனா ‘இருக்கா’ன்னா கேக்குறான்? ‘இருந்துச்சா’ன்னு கேக்குறான்.”

இதன் பிறகு நான் சொன்ன ஒரு வாக்கியத்தை மறைத்தால் இது சொற்சித்திரமன்று, சுவரொட்டி. உங்களுக்கு ஓய்வு வயது நெருங்குகிறது, இதில் பிடிவாதம் காட்டினால் பதவி நீட்டிப்புக்கு நான் பரிந்துரைக்க இயலாமல் போகலாம் என்றேன். அவருக்கு மகள் ஒருத்தி கல்லூரியில் இருந்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

“அண்ணே” என்றார்.

நான் பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இருபது வருச பேருன்னு சொல்லுறீங்க. பேரு அந்த பேப்பர்ல ஏற்கனவே ஒட்டியிருக்கு. உள்ள என்ன இருக்குன்னுதான் நாளைக்கு தொறந்து பாப்பாங்க.”

திருப்புளியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். ஆலைப் பேருந்து கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சன்னல் வழியே பார்த்தேன். மற்றப் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் ஏறவில்லை. பேருந்தின் அருகே கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

மறுநாள் வந்த தணிக்கையாளர் சிங்கப்பூர்க்காரப் பெண்மணி. புன்னகை செய்வதற்கும் ஒப்புதல் படிவம் வேண்டும் என்பதுபோன்ற முகம். அவரிடம் கொடுக்கப்பட்ட பத்திரத்தில் பதினாறு வரிகளுக்குப் பதிலாகப் பதினேழு இருந்தன. பதினேழாவது வரியைத் தமிழில் தருகிறேன்: “ரூட்டர் ஒன்று, தடைப் பட்டியலில் உள்ள நிறுவனத்தினுடையது. ஆலை வாங்கியதன்று. வருடாந்திர விருந்தில் கொள்முதல் தலைவருக்குக் குலுக்கலில் விழுந்து, அவர் காவல் கூடத்துக்கு அன்பளித்தது. ஓராண்டு ஆலை வலையில் இணைந்திருந்தது. கடவுச்சொல் சுவரில் எழுதப்பட்டிருந்தது. நேற்று அகற்றப்பட்டது.”

பெண்மணி அதை இருமுறை படித்தார். அந்தத் தலைவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் எழுந்து நின்று, நான்தான் என்றேன். இயக்குநர் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்மணி ரூட்டரைக் காட்டச் சொன்னார். அம்மையார் சந்தனம் குங்குமத்துடன் அதைக் கொண்டுவந்து வைத்தார். இது என்ன குறியீடு என்று பெண்மணி நெற்றியைச் சுட்டினார். அது பாதுகாப்புக்காக வைப்பது என்று அம்மையார் விளக்கம் தந்தார். அதற்குமேல் விளக்கம் கேட்கப்படவில்லை. பிறகு அம்மையார் மூடியைக் கழற்றினார். உள்ளே ஆன்டெனா பலகையின் மூலையில் ஒரு சிறு முக்கோணம். அதற்குள் ‘2’.

இயக்குநர் குவளையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். அது எங்கள் ஆலை முத்திரை. இரண்டாம் உற்பத்திப் பிரிவில், சண்டைக்கு முன்பு, சுவருக்கு அந்தப் பக்கம் இப்போதும் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் செய்த பலகை. யாரோ ஒரு தரகர் வழியாகச் சீனாவுக்குப் போய், ரூட்டராகி, குலுக்கலில் எனக்கு விழுந்து, செய்த இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. பெண்மணி ஏதோ கேட்பதற்குள் அம்மையார், வாடிக்கையாளர் நிறுவனமே எங்களுக்குச் சோதனைக்காகக் கொடுத்திருந்த அமெரிக்க ரூட்டரையும் எடுத்து வைத்து அதன் மூடியையும் கழற்றினார். அதே முக்கோணம். அதே ‘2’.

அப்போது அந்தச் சிங்கப்பூர் முகம் படிவம் எதுவும் இல்லாமலே சிரித்தது.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் சும்மா விடவில்லை. காவல் கூடத்துக்குத் தனி இணைப்பு, எல்லாக் கடவுச்சொற்களும் மாற்றம், ஒரு மாதத்தில் மறுதணிக்கை என்று அறிக்கை வந்தது. அதில் என் பெயர் இரு இடங்களில் இருந்தது. கூடவே ஒரு பரிந்துரை, இனி விருந்துப் பரிசுகள் மின்னணுச் சாதனமாக இருத்தலாகாது என்று. அடுத்த ஆண்டு குலுக்கலில் கைபேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை, சோறாக்கும் குக்கர்கூட இல்லை. முதல் பரிசு ஒரு மெத்தை. நான் கூடத்துக்குள் நுழைந்ததும், பரிசு எதுவும் எனக்கு விழாதபோதே, மேசைகளைத் தட்டினார்கள். அம்மையாருக்கு ஒரு தலையணை கிடைத்தது. மேடையிலேயே உறையை அவிழ்த்துப் பஞ்சைப் பார்த்தார். இலவம்பஞ்சு என்று எழுதியிருந்தது. இலவம்பஞ்சன்று.

அவருடைய பதவி நீட்டிப்புக்கு இரண்டு ஆண்டுகள் என்று நான் பரிந்துரை எழுதினேன். அதை உறையிலிட்டுக் கொடுத்தேன். பிரித்துப் படித்து, “சரிதான் சார்” என்றார். ‘அண்ணே’ அதன் பிறகு வரவில்லை. இப்போது அவரும் ஓய்வு பெற்று, மகளுடன் சிரம்பானுக்குப் போய்விட்டார்.

ஆலையின் பழைய ஆட்கள் சந்திக்கும்போது, அந்தப் பதினேழாவது வரியை அம்மையார் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார், நான் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டேன் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் பேருந்தருகே நின்றிருந்தார். வரியைத் தட்டச்சு செய்தவன் நான். கீழே இறங்கிப்போய் அவரிடம் நீட்டியவனும் நான். அவர் படித்துப் பார்த்து, தம் கையெழுத்தை மட்டும் போட்டார்.